மோட்டார் இல்லாமல் எழும்பிய தண்ணீர்: ஆயி மண்டபமும் ஜப்பான் நீரூற்றும் சொல்லும் பாடம்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பாரதி பூங்காவுக்குள் நுழையாமல் திரும்புவதில்லை. கவர்னர் மாளிகைக்கும் சட்டப்பேரவைக்கும் நடுவே, மரநிழலில் வெள்ளை நிறத்தில் நிற்கும் ஆயி மண்டபத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இந்த மண்டபம்தான். ஆனால் இது மன்னருக்கோ போர் வெற்றிக்கோ கட்டிய மண்டபம் அல்ல. ஊருக்குத் தண்ணீர் வந்ததற்காகக் கட்டியது. பூங்காவைச் சுற்றிப் பார்க்கும் உழவர்கள் இதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு வந்தாலே போதும், போன பயணம் வீணாகாது.

உலகம் முழுவதும் பூங்காக்களில் அழகுக்காக நீரூற்று வைக்கிறார்கள். அந்த அழகுக்குப் பெயர் போனது ஜப்பான். கல் தொட்டி, மூங்கில் குழாய், சொட்டுச் சொட்டாக விழும் நீர் என்று அவர்களின் தோட்டங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த அலங்காரங்களில் சிலவற்றின் வேரைத் தேடிப் போனால் வயலிலும், குடிநீர்க் கால்வாயிலும், கை கழுவும் இடத்திலும் போய் நிற்கிறது. முதலில் பயன் வந்தது, அழகு பிறகு வந்தது. அந்தப் பயனை நாம் நம் நிலத்துக்குத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்பதே இக்கட்டுரை.

ஆயி கதை

விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் காலத்துக் கதை என்று ஊரில் சொல்வார்கள். மாலை நேரத்தில் விளக்கொளியில் ஒளிர்ந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்து மன்னர் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் கொண்டு இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்காக ஒரு குளத்தை வெட்டினாள். அந்தக் குளம் இருந்த இடம் புதுச்சேரிக்கு மேற்கே உள்ள முத்திரையர்பாளையம்.

கதை எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். அடுத்து நடந்தது வரலாறு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், கடலை ஒட்டிய நகரப் பகுதியில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில், 1860களில், லாமைரெஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்து நீரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம் கால்வாய் வழியாக நகரத்துக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவாக எழுந்ததே ஆயி மண்டபம். தமிழ்ப் பாடல்களைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து வெளியிட்டவரும் இதே பொறியாளர்தான்.

அந்தத் தண்ணீர் நகரத்துக்கு வர மோட்டார் தேவைப்படவில்லை. முத்திரையர்பாளையம் மேட்டில் இருந்தது, நகரம் பள்ளத்தில் இருந்தது. உயர வித்தியாசமே எல்லா வேலையையும் செய்தது.

அதே காலத்தில் ஜப்பானில்

ஜப்பானின் மேற்குக் கரையோரம் கனசாவா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கென்ரோகுயென் தோட்டம் அந்நாட்டின் மூன்று புகழ்பெற்ற தோட்டங்களில் ஒன்று. அதில் உள்ள ஒரு நீரூற்றை ஜப்பானிலேயே பழைமையானது என்கிறார்கள். அமைக்கப்பட்டது 1861-இல். நம் ஆயி மண்டபத்துக்குக் கிட்டத்தட்ட சமவயது.

அந்த நீரூற்றுக்கும் மோட்டார் கிடையாது. தோட்டத்தின் மேட்டுப் பகுதியில் கசுமிகா-இகே என்று ஒரு பெரிய குளம். அங்கிருந்து குழாய் வழியாக நீர் கீழே இறங்கி, தாழ்வான இடத்தில் வாய் திறக்கிறது. மேலே உள்ள குளத்து மட்டத்தை எட்டிப்பிடிக்கப் பார்க்கும் நீர், சுமார் மூன்றரை மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. கோட்டைக்குள் நீரை மேலேற்ற முடியுமா என்று சோதித்துப் பார்க்கவே அதை அமைத்ததாகச் சொல்வார்கள்.

அந்தக் குளத்துக்கு நீர் எங்கிருந்து வந்தது? 1631-இல் கனசாவாவில் பெரிய தீ விபத்து ஏற்பட்டது. தீயணைக்கவும் கோட்டைக்கும் தண்ணீர் வேண்டும் என்று மறு ஆண்டே, 1632-இல், தாட்சுமி என்ற கால்வாயை வெட்டினார்கள். நீளம் சுமார் 11 கிலோமீட்டர். ஆற்றின் மேல்பகுதியில் நீரைத் திருப்பி, சில இடங்களில் மலையைக் குடைந்து கொண்டுவந்தார்கள். கோட்டைக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் குழாயை இறக்கி, மறுபக்கம் ஏற்றி விட்டார்கள். முதலில் மரக்குழாய், பிறகு கல்லைக் குடைந்து செய்த குழாய். வாங்கும் இடத்தைவிட விடும் இடம் தாழ்வாக இருந்தால் போதும், நடுவில் எவ்வளவு பள்ளம் இருந்தாலும் நீர் இறங்கி ஏறிவிடும். நம் பாசனக் கால்வாய்கள் ஓடையைக் கடக்கும் இடத்தில் 'சைபன்' கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே முறைதான்.

உங்கள் நிலத்தில் எத்தனை மீட்டர் இருக்கிறது?

நீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், கீழே குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். 5 மீட்டர் என்றால் அரை கிலோ. இந்த ஒரு கணக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 1 கிலோ அழுத்தம் வேண்டும். நுண்தெளிப்பான்களுக்கு ஒன்றரை முதல் 2 கிலோ தேவை.

மலையடிவாரத்திலும் சரிவிலும் நிலம் வைத்திருக்கும் பலர், மேட்டில் கிணறோ பண்ணைக்குட்டையோ இருந்தும் கீழ்வயலுக்கு மோட்டார் போட்டே பாய்ச்சுகிறார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பி, படிப்படியாக அளந்துகொண்டே இறங்கினால், உயர வித்தியாசம் எவ்வளவு என்று அரை நாளில் தெரிந்துவிடும். 8 முதல் 10 மீட்டர் இருந்தால் மோட்டார் இல்லாமலே சொட்டுநீர் ஓடும். 3, 4 மீட்டர் இருந்தால்கூட வாய்க்காலுக்குப் பதில் குழாய் வழியாகத் தண்ணீரைச் சேதாரமின்றிக் கொண்டுபோகலாம்.

சமவெளியில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு, ஒன்றரை மீட்டர் உயர மேடையில் 200 லிட்டர் டிரம் வைத்தால் போதும். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான், இந்தக் குறைந்த அழுத்தத்தில் சுமார் ஒன்றரை லிட்டர்தான் விடும். அது குறை அல்ல. பாய்ச்சும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டுக் குழாய்களை மட்டும் 10, 15 மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். கடைசிச் செடிக்கு நீர் போகாது.

உயர வித்தியாசத்தை நம்பிக் குழாய் போடும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

1. குழாயின் விட்டத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரே அளவு நீர் ஓடும்போது, விட்டத்தை இரட்டிப்பாக்கினால் உராய்வு இழப்பு முப்பதில் ஒரு பங்காகக் குறையும். மோட்டார் இருந்தால் இழப்பை அது ஈடுகட்டும். உயரத்தை மட்டுமே நம்பினால் ஈடுகட்ட எதுவும் இல்லை.

2. குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் காற்று சிக்கிக்கொண்டு நீரைத் தடுக்கும். அந்த முகடுகளில் காற்று வால்வு பொருத்துங்கள்.

3. பள்ளமான இடத்தில் மண் தங்கும். அங்கே கழிவு வால்வு வைத்து, மாதம் ஒரு முறை திறந்து விடுங்கள்.

பூமிக்குள்ளிருந்து பீச்சிய ஊற்று

புதுச்சேரியில் இதைவிட ஆச்சரியமான ஒன்று நடந்தது. 1870களின் பிற்பகுதியில் அங்கே ஆழ்துளை போட்டபோது, நீர் தானாகவே தரைக்கு மேல் வழிந்து ஓடியது. இத்தகைய கிணறுகளை ஆர்ட்டீசியன் கிணறு என்பார்கள். செய்தி சென்னை வரை பரவியது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் இந்தக் கிணறுகளைப் பற்றி 1880-இல் எழுதினார். இதேபோல் சென்னையிலும் நீர் கிடைக்குமா என்ற கேள்வியையும் அதில் ஆராய்ந்தார்.

இது எப்படி நடக்கிறது? புதுச்சேரிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் செம்மண் மேடுகள் உள்ளன. அங்கே கடலூர் மணற்பாறை என்ற அடுக்கு தரைக்கு வெளியே தலைகாட்டுகிறது. மழைநீர் அதில் இறங்குகிறது. அந்த அடுக்கு கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து, களிமண் அடுக்குகளுக்கு நடுவே போய்ப் புதைகிறது. மேல்மூடி களிமண், அடிமூடி களிமண், நடுவில் நீர் நிறைந்த மணல். மேட்டில் நீர்மட்டம் உயரமாக இருப்பதால், பள்ளத்தில் துளையிட்டதும் நீர் பீச்சுகிறது. கனசாவா நீரூற்றில் குழாய் செய்யும் வேலையை இங்கே பூமியே செய்கிறது.

இதே மணற்பாறைதான் நெய்வேலி வரை நீள்கிறது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆர்ட்டீசியன் கிணறு தோண்டியபோது, நீரோடு கருப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி அங்கே இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. நிலக்கரிக்குக் கீழே உள்ள நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளியது. அந்த அழுத்தத்தை இறைத்துக் குறைத்த பிறகே சுரங்கம் வெட்ட முடிந்தது.

அந்த அழுத்தம் நம் முன்னோருக்கு இலவசமாகக் கிடைத்த மின்சாரம் போன்றது. நாம் அதை வேகமாகச் செலவழித்துவிட்டோம். முத்திரையர்பாளையத்திலிருந்து இன்றும் நகரத்துக்குக் குடிநீர் போகிறது. ஆனால் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் இல்லாமல் போவதில்லை.

நீர்மட்டம் இறங்கினால் யார் கொடுப்பது?

"மின்சாரம்தான் இலவசமாயிற்றே, மட்டம் இறங்கினால் என்ன?" என்று பயிற்சி வகுப்புகளில் கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட, சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். நீர் 10 மீட்டர் ஆழத்தில் இருந்து, மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடினால், சுமார் 14 யூனிட் ஆகும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 3 மணி நேரம் ஓட வேண்டும். அதே நீர் 50 மீட்டருக்கு இறங்கிவிட்டால், சுமார் 70 யூனிட். அதே திறனுள்ள மோட்டார் 15 மணி நேரம் ஓட வேண்டும். மின்சாரம் இலவசமாக இருக்கலாம். ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரம் கூடுவதில்லை. மூன்று மணியில் நனைந்த ஏக்கர், இப்போது இரண்டு, மூன்று நாள் காத்திருக்கிறது. மோட்டார் காயில் எரிவது, குழாய் இறக்குவது, மீண்டும் துளை போடுவது எல்லாம் உங்கள் பணம்.

கடலோர உழவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நிலத்தடியில் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், உப்பு நீரைச் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அது அழுத்தி வைக்கும். அடுக்கின் அமைப்பைப் பொறுத்து இந்த அளவு மாறலாம். என்றாலும் மேலே 1 மீட்டர் இழந்தால் கீழே பல மீட்டர் உப்பு ஏறும் என்பது மாறாது. ஒரு முறை உப்பு ஏறிய கிணறு, ஒரு நல்ல மழையில் திருந்துவதில்லை.

எனவே கரையோரக் கிராமங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், பாசன நீரைப் பரிசோதியுங்கள். மின்கடத்தும் திறன் 0.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. இந்த எண்கள் டெசிசீமன் அளவில் சொல்லப்பட்டவை. முடிவுகளை ஒரே நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு தடவை வந்த எண்ணைவிட, வருடா வருடம் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முக்கியம். புதுச்சேரி உழவர்கள் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், தமிழக உழவர்கள் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகி, நீர்ப் பரிசோதனை பற்றி ஆலோசனை பெறலாம்.

மான் விரட்டும் மூங்கில்

மீண்டும் ஜப்பான் தோட்டத்துக்கு வருவோம். அங்கே 'டொக்' என்று சீரான இடைவெளியில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மூங்கில் குழாயில் நீர் நிரம்பும். பாரம் தாங்காமல் அது முன்பக்கம் சாய்ந்து நீரைக் கொட்டும். வெறுமையானதும் பின்பக்கம் விழுந்து கல்லில் மோதும். இதன் பெயர் ஷிஷி-ஓதோஷி. மான், பன்றி போன்ற விலங்குகளை விரட்டுவது என்று பொருள். வயலில் வைக்கும் சோளக்கொல்லைப் பொம்மை, கயிறு கட்டி இழுக்கும் தட்டுப்பலகை எல்லாவற்றுக்கும் இது பொதுப்பெயர். உழவர் வயலுக்கு வைத்த கருவி பிறகு தோட்ட அலங்காரமானது. கியோட்டோ நகரில் 1641-இல் இஷிகாவா ஜோசான் என்ற கவிஞர் கட்டிய ஷிசென்-டோ இல்லத்தில்தான் முதன்முதலில் இதைத் தோட்டத்தில் வைத்தார்கள் என்று சொல்வது வழக்கம்.

காட்டுப்பன்றித் தொல்லை உள்ள மலையடிவார உழவர்கள் இதைச் செலவில்லாமல் செய்து பார்க்கலாம். செய்முறை:

• முற்றிய மூங்கிலில் சுமார் 1 மீட்டர் துண்டு. உள்விட்டம் 7 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது.

• ஒரு முனையை 30 சென்டிமீட்டர் வரை குழியாக இருக்கும்படி விட்டு, வாயைச் சாய்வாக வெட்டுங்கள். அதற்கு அடுத்த கணுவை உடைக்காதீர்கள். அந்தக் குழியில் சுமார் 1 லிட்டர் நீர் பிடிக்கும்.

• நடுவுக்குச் சற்று முன்னால், வாய் இருக்கும் பக்கமாக, குறுக்கே துளையிட்டு இரும்புக் கம்பி செருகி, இரண்டு கவைக்கம்புகளில் தாங்க விடுங்கள். காலியாக இருக்கும்போது பின்முனை தானாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் துளையை இன்னும் சற்று முன்னே தள்ளுங்கள்.

• பின்முனை விழும் இடத்தில் தட்டையான கல் வையுங்கள். பழைய தகர டின்னைக் கவிழ்த்து வைத்தால் சத்தம் இன்னும் தூரம் போகும்.

• நிமிடத்துக்கு 1 லிட்டர் அளவில் நீர் விழச் செய்யுங்கள். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்கும். இரவு 10 மணி நேரத்துக்கு 600 லிட்டர் ஆகும். கொட்டும் நீரை வீணாக்காமல் வாய்க்காலிலோ மரத்தடியிலோ விடுங்கள்.

ஓடை, மேட்டுத் தொட்டி, குட்டை உள்ளவர்களுக்கே இது பொருந்தும். இதற்காக மோட்டார் போட்டு ஆழ்துளை நீரை இறைக்க வேண்டாம். ஒரே சத்தம் ஒரே இடத்தில் கேட்டால் பன்றி சில நாளில் பழகிவிடும். ஆகவே வாரம் ஒரு முறை இடத்தை மாற்றுங்கள். நீரின் வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். இதை மட்டும் நம்பியிருக்காமல் காவல், வேலி, வரப்போர முள்செடி ஆகியவற்றோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். வேலியில் நேரடி மின்சாரம் விடுவது சட்டப்படி குற்றம். அதில் பன்றியைவிட மனிதர்களும் மாடுகளும் அதிகம் சிக்கக்கூடும். சில இரவுகள் காவல் தூக்கத்தைக் குறைத்துக்கொடுத்தால் அதுவே இந்த மூங்கிலுக்குப் போதுமான வெற்றி.

புதைத்த பானை

ஜப்பான் தோட்டத்தில் இன்னொரு விந்தை, சுய்கின்குட்சு. அடியில் சிறு ஓட்டை போட்ட மண்பானையைக் கவிழ்த்துப் புதைப்பார்கள். மேலே கூழாங்கல் பரப்புவார்கள். கைகழுவும் கல்தொட்டியிலிருந்து வழியும் நீர், கல்லிடுக்கில் இறங்கி, ஓட்டை வழியாகச் சொட்டி, பானைக்குள் தேங்கிய நீரில் விழும். பானைக்குள் எதிரொலித்து வீணை நாதம் போலக் கேட்கும். கேட்க இனிமை. ஆனால் வேலையைப் பார்த்தால் அது ஓர் உறிஞ்சுகுழி. கை கழுவிய நீர் சேறாகத் தேங்காமல் மண்ணில் இறங்க வைத்த ஏற்பாடு.

நம் வீட்டுக் கொல்லையில், அடிபம்பு அடியில், மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியோரம் சேறு தேங்கிக் கொசு வளர்கிறதா? ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, அடியில் பெரிய கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் போட்டு விடுங்கள். நாதம் வராது, கொசுவும் வராது. பக்கத்தில் இரண்டு வாழைக்கன்று வைத்தால் தார் வரும். குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் மட்டும் இந்தக் குழி வேண்டாம். கழிப்பறை நீரையும் இதில் விடக் கூடாது.

நீரைக் கொட்டவிட்டால் இரும்பு போகும்

நீரூற்றில் சிதறும் நீர் காற்றோடு கலக்கிறது. இதிலும் பயன் உண்டு. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதியில் சில ஆழ்துளைக் கிணறுகளில், நீர் வெளியே வரும்போது தெளிவாக இருந்து, சற்று நேரத்தில் தொட்டியில் செம்மஞ்சள் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அது இரும்பு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சொட்டுவான்கள் மிக வேகமாக அடைத்துக்கொள்ளும்.

நீரை நேராகச் சொட்டுநீர்க் குழாயில் விடாமல், ஓட்டைகள் போட்ட தகட்டின் வழியாக அல்லது நாலைந்து படிக்கட்டுகளில் சிதறவிட்டுத் தொட்டியில் விழச் செய்யுங்கள். காற்று பட்டதும் இரும்பு துருவாகிப் படியும். ஒரு நாள் தெளியவிட்டு, மேல்நீரை மணல் வடிகட்டி வழியாக எடுங்கள். தொட்டியை மேடையில் கட்டினால் உயர வித்தியாசமும் கூடவே கிடைக்கிறது. மீன்குட்டை வைத்திருப்பவர்களும் ஆழ்துளை நீரை இப்படிச் சிதறவிட்டே குட்டைக்குள் விட வேண்டும். விடியற்காலையில் குட்டையில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் திறக்கிற அந்த நேரத்தில் நீரைக் கொட்டவிடுவது உயிர்காக்கும்.

மறுபடி நிரப்புவதே வேலை

இவை எல்லாம் இருக்கிற நீரைச் சிக்கனமாகவும் சாமர்த்தியமாகவும் பயன்படுத்தும் வழிகள். பூமிக்குள் போன அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரே வழி, மழைநீரை இறக்குவது. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. பெரியவை ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999 முதல் இந்த ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் நடந்தது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை வெட்டியவர்கள் பங்காரி, சிங்காரி என்ற இரு பெண்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். ஆயியைப் போலவே இவர்களும் தாசி குலத்தவர் என்பது கதை. ஊர் யாரை ஒதுக்கி வைத்ததோ, அவர்கள் பெயரைத்தான் தண்ணீர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஏரியைத் தூர்வாருவது அரசு வேலை என்று விட்டுவிடலாம். உங்கள் ஏக்கர் உங்கள் வேலை. ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் விழுகிறது. மேலே சொன்ன இரண்டு பாய்ச்சல்களுக்குச் சமம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் இவற்றை முடித்துவிடுங்கள்:

• வரப்புகளை ஒரு சாண் உயர்த்தி, உடைப்புகளை அடையுங்கள். சரிவு நிலத்தில் குறுக்காக வரப்பு போடுங்கள், குறுக்கே உழுங்கள்.

• ஏரி, குளத்துக்கு வரும் வரத்து வாய்க்கால் உங்கள் நிலத்தை ஒட்டிப் போனால், அந்தப் பகுதியின் அடைப்பை நீங்களே எடுங்கள். ஏரியின் உயிர் கரையில் இருப்பதைவிட வரத்து வாய்க்காலில் இருக்கிறது.

• திறந்த கிணற்றில் மழைநீரை விடுவதாக இருந்தால், முதலில் வடிகட்டும் குழி வழியாக விடுங்கள். கலங்கல் நீரை நேராக விட்டால் ஊற்றுக்கண் அடைபடும். உரமும் பூச்சிமருந்தும் தெளித்த வயலின் வடிநீரைக் கிணற்றில் விடவே கூடாது.

• செம்மண் மேட்டில் நிலம் உள்ளவர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். வானூர், பண்ருட்டிப் பக்கத்து மேடுகளில் இறங்கும் மழையே கீழே கடற்கரை வரை போகிறது. உங்கள் முந்திரித் தோப்பில் ஒரு குறுக்கு வரப்பு, பள்ளத்தில் இருக்கும் ஒருவரின் கிணற்றை உப்பிலிருந்து காக்கிறது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது ஓடை அரித்துக் கிடந்த செம்மண் மேடு, வரப்பும் மரமும் வைத்த பிறகு காடாகி நிற்பதை நேரில் போய்ப் பார்க்கலாம்.

• பள்ளத்தில் இருப்பவர்கள், கோடையில் நெல், கரும்பின் பரப்பைக் குறைத்து, ஒரு பகுதியிலாவது உளுந்து, எள், கேழ்வரகு போடுங்கள். மேட்டிலிருந்து வருவதைவிட அதிகம் இறைத்தால், மிச்சத்தைக் கடல் நிரப்பும்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த உழவர் பயிற்சிச் சுற்றுலாவுக்குப் புதுச்சேரி வந்தால், கடற்கரையோடு திரும்பிவிடாமல் ஆயி மண்டபத்தையும் பாகூர் ஏரியையும் ஒரே நாளில் காட்டுங்கள். மண்டபத்தின் முன் நிற்கும்போது, "இந்தத் தண்ணீர் எங்கிருந்து, எதன் பலத்தில் இங்கே வந்தது?" என்ற கேள்வியைக் கேளுங்கள். பதில் தெரிந்தவர் தன் கிணற்றின் மட்டத்தை அளக்காமல் ஊர் திரும்ப மாட்டார். கயிற்றில் கல் கட்டி, மாதப் பிறப்பு அன்று கிணற்றில் விட்டு, ஆழத்தைச் சுவரில் எழுதி வந்தாலே போதும். இரண்டு ஆண்டில் அந்தச் சுவர், எந்தப் பயிரை எவ்வளவு போடலாம் என்று உங்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடும்.